தரணி புனேயில் இருக்கிறான்

ஜூலை 6

தரணியை எரித்துவிட்டு வந்தோம். மழை இல்லை. சாயந்திரம் குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டி நிரம்பும் வரை நின்று பார்த்துவிட்டு மோட்டாரை அணைத்தேன்.

ஜூலை 8

உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் யூரியாவும் பொட்டாஷும் எவ்வளவு போட வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. மற்றதெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

நான் பத்திரம் எழுதுகிறவன். பெயர் நாச்சிமுத்து. பத்திர ஆபீசுக்கு எதிரில், ஜெராக்ஸ் கடையை ஒட்டினாற்போல் எனக்கு ஒரு மேஜை உண்டு. இந்த ஊரில் பாதி நிலம் என் எழுத்தில்தான் கைமாறியிருக்கிறது. எதையும் தாளில் எழுதினால்தான் அது நடந்ததாக எனக்குப் படும். அதனால் எழுதிப் பார்க்கிறேன்: என் மகன் தரணிதரன், வயது இருபத்துநான்கு, சனிக்கிழமை கம்பெனியில் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது, புறவழிச்சாலையில் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி அந்த இடத்திலேயே இறந்துபோனான்.

எழுதிவிட்டேன். அப்படியும் நடந்ததாகப் படவில்லை.

வீடு நிறைய ஆட்கள். சாந்தாமணியைக் கட்டிக்கொண்டு எல்லோரும் அழுகிறார்கள். அவள் அழவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். என் தம்பி மகன் மோகன்தான் கொள்ளி வைத்தவன். மொட்டைத் தலையோடு அவனே ஓடியாடி எல்லாம் பார்க்கிறான். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் போட்டோ கேட்டான். தரணியின் போனில் தேடினால் தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் கையில் ஒரு மீன். அதிலேயே ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். அச்சகத்துக்காரர் மீனை வெட்டிவிட்டார். வால் மட்டும் கீழே மூலையில் மிச்சமிருக்கிறது. பரவாயில்லை என்று சொன்னேன்.

தரணியின் போன் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மத்தியானம் அடித்தது. ‘ரசாக் பாய் ஆறு’ என்று பெயர் வந்தது.

“என்ன மாப்ள, ஞாயித்துக்கெழம ஆளையே காணோம்? கெண்டை ஏறுது. உனக்குக் குடுத்த ரீலயாச்சும் கொண்டாந்து குடுத்துட்டுப் போ.”

“நான் அவங்கப்பன் பேசறனுங்க. அவன் வேலைல இருக்கறானுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாளைக்கு நேரில் போய்த் தூண்டில் ரீலையும் கொடுத்து விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 9

காலையில் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு அணைக்குக் கீழே போனேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் அந்தப் பக்கம் இறங்கியதில்லை. வழி தெரியாமல் வாய்க்கால் கரையோடு போய் வண்டியை நிறுத்திவிட்டு முள்ளுக்குள் நடந்தேன்.

சொத்து விவரம்: வடக்கே அணைச் சுவர், தெற்கே பழைய பாலம், கிழக்கே கருவேலங்காடு, மேற்கே வாய்க்கால் கரை. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட முழங்காலளவு தண்ணீரும் பாறைகளும். மதகுகளை மூடியிருப்பதால் ஆறு பாறைகளுக்கு நடுவில் பேருக்கு ஓடுகிறது. மீனெல்லாம் மடுக்களில் ஒதுங்கியிருக்குமாம். தண்ணீர் திறக்கிற வரைக்கும் தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

இரண்டு பேர் இருந்தார்கள். ரசாக் பாய்க்கு மெத்தைக் கடை. கடை திறக்கும் நேரம் வரை ஆற்றில் இருப்பார். இன்னொருவர் எடிசன் சார், பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போதும் விசில் ஒன்றைக் கழுத்தில் போட்டிருக்கிறார். நான் இன்னார் என்று சொன்னதும் இருவரும் எழுந்து நின்றார்கள். பாய் என் முகத்தையே பார்த்தார். ரீலை நீட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“தரணிய கம்பெனில பூனாவுக்கு அனுப்பிச்சுட்டாங்க. திடீர்னு. மூணு மாசமாகும்.”

பாய் எடிசன் சாரைப் பார்த்தார்.

“அப்படீங்ளா. நல்லதுங்ண்ணா” என்றார் பாய். “ரீலு உங்ககிட்டயே இருக்கட்டும். உக்காருங்க.”

எடிசன் சார் தன் தூண்டிலைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு, வண்டியில் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி மேட்டுக்குப் போனார். வர நேரமானது. வந்ததும் தண்ணீரில் கை கழுவினார். நகத்துக்குள் எல்லாம் தோண்டித் தோண்டிக் கழுவினார். சுத்தமான மனுஷன்.

பாய் எனக்குத் தூண்டில் முள்ளில் புழு கோர்த்துக் கொடுத்தார். தக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார். பார்த்துக்கொண்டிருந்தேன். மனசில் ஒன்றும் ஓடவில்லை. நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மோகனைக் கூப்பிட்டு, டேம் ரோட்டில் மட்டும் போஸ்டர் ஒட்டக் கூடாது என்றேன்.

“ஏனுங் பெரியப்பா?”

“அங்க அவன ஆருக்கும் தெரியாது.”

அவன் ஏதோ சொல்ல வந்தான். பிறகு சரீங் என்று போய்விட்டான்.

ஜூலை 10

ஆற்றுக்குப் போனேன். ஒன்றும் மாட்டவில்லை. கேஸ் புக் செய்தேன்.

ஜூலை 11

பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க அவன்தான். மருந்துக் கடைக்குப் போகிற வழியில் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருக்கிறான். வண்டியை நிறுத்தவில்லை. சாந்தாமணிக்குத் தூக்க மாத்திரை வாங்கிக்கொண்டு பின்வழியாக வந்தேன்.

ஜூலை 12

முதல் மீன். ஜிலேபிக் கெண்டை, உள்ளங்கை அகலம். தூக்கும்போது கையில் அடித்த அடியில் பயந்து பாறையில் உட்கார்ந்துவிட்டேன். பாய் சிரித்தார். “தம்பியும் இப்படித்தானுங். மொத நாளு மீனப் புடிச்சுட்டு ‘பாய், இது என்னயவே பாக்குது’ன்னாப்ல.”

முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டேன். காரியம் முடியும் வரை எங்கள் வீட்டில் மீனும் கறியும் ஆகாது. உறவுக்காரர்கள் கொண்டுவரும் ரசமும் அவரைக்காய்ப் பொரியலும்தான். அதனால் விட்டேன். அது நீந்திப் போனதை மூன்று பேரும் பார்த்தோம். பிறகு பாய் எனக்கு வேறு புழு கொடுத்தார்.

தரணி ஆற்றில் பாடுவானாம். வீட்டில் அவன் பாடி நான் கேட்டதில்லை. பாடினால் கெண்டை வரும் என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. ஒரு நாள் எடிசன் சார் பொறுக்கமாட்டாமல் விசில் ஊதி நிறுத்தியிருக்கிறார்.

“கர்ணகொடூரமுங்க” என்றார் எடிசன் சார். “ஆனா மீன் வந்துச்சு. அதான் எனக்கு இன்னும் புரியல.”

நான் சிரித்தேன். சிரித்தது எனக்கே கேட்டது.

ஜூலை 14

அலுவலகத்தில் ஒரு பாகப்பிரிவினை. அண்ணனும் தம்பியும் கிணற்று முறைக்காகச் சட்டையைப் பிடிக்காத குறை. யாருக்கு எந்தெந்தக் கிழமை தண்ணீர் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். பிழை இல்லை.

தரணியின் கம்பெனியில் இருந்து ஒரு பெண் பேசினாள். அடையாள அட்டையைத் திருப்பித் தர வேண்டுமாம். “தேடித் தர்றம்மா” என்றேன். மேஜை டிராயரில்தான் இருக்கிறது.

ஜூலை 15

“பூனாவுல மழைங்ளா?” என்று பாய் கேட்டார்.

நல்ல மழை என்றேன். கேட்காமலேயே மேலும் சொன்னேன். ரூமில் மூன்று பேர். மெஸ்ஸில் சப்பாத்தி போட்டுக் கொல்கிறார்களாம். துணி காயவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை போனில் புலம்பினான். பக்கத்தில் ஆறு ஒன்று இருக்கிறதாம், ஆனால் மீன் பிடிக்க விடமாட்டார்களாம். வரவர எனக்கு நன்றாக வருகிறது. சாட்சிக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். வீட்டில் போட்டோவும் மாலையும் விளக்கும் இருக்கின்றன. தெருவில் போஸ்டர் இருக்கிறது. ஆபீசில் எல்லோரும் என்னிடம் மெதுவான குரலில் பேசுகிறார்கள். ஆற்றில் மட்டும் அவன் புனேயில் இருக்கிறான். அங்கே உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு முழுசாக வருகிறது. யாரும் அங்கே போய்ச் சொல்லிவிடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு இப்போது வேண்டும்.

ஜூலை 16

பேப்பரில் செய்தி. வரும் திங்கட்கிழமை காலை பாசனத்துக்கு அணை திறக்கிறார்கள். மதகு திறந்தால் பாறையெல்லாம் முங்கிவிடும். பிறகு தை மாசம் வரை அந்தப் பக்கம் இறங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காரியம். மறுநாள் ஆறும் இல்லை. பேப்பரை மடித்து வைத்தேன்.

சாயந்திரம் சாந்தாமணி பேசினாள். ஆட்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள்.

“தெனமும் எங்க போறீங்க?”

“ஆத்துக்கு.”

“மேல வாசம் வருதே. மீன் புடிக்கறீங்ளா?”

“புடிக்கறேன். உட்டுடறேன்.”

“இந்த ஊட்ல இப்ப மீன் புடிக்கற நேரமா?” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாயிருக்கும். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் எதையும் மறைத்து ஜெயித்ததில்லை. அதனால் சொன்னேன். அங்கே யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். பூனா என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். மழை, ரூம், சப்பாத்தி எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே கேட்டாள்.

“காச்சல் கீச்சல் ஒண்ணும் இல்லீங்ளே?”

“இல்ல. நல்லா இருக்கறான்.”

“சளி புடிக்கும் அவனுக்கு. தலையத் தொவட்டவே மாட்டான்.”

அப்புறம் எழுந்து போய், உறவுக்காரர் வைத்துவிட்டுப் போன ரசத்தைச் சூடு பண்ணினாள்.

ஜூலை 17

இரண்டு கெண்டை. இரண்டையும் விட்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே கேட்டாள்: “மழ உட்டுச்சுங்ளா அங்க?”

“இன்னும் உடல.”

இன்று கொஞ்சம் சாப்பிட்டாள்.

ஜூலை 18

கோபியில் இருந்து ஒருவர் புதிதாக வந்திருந்தார். பாய்க்குத் தெரிந்தவர், தலையில் துண்டு கட்டிக்கொண்டு சத்தமாகப் பேசுகிற ஆள். எனக்கு நல்ல கட்லா ஒன்று மாட்டியது. தூண்டில் நரம்பு அறுந்துவிடும் என்று எடிசன் சார் ஓடிவந்து கூடப் பிடித்தார். கரைக்கு இழுத்து இரண்டு கையிலும் தூக்கினேன். கைக்குழந்தை கனம் இருந்தது. வழக்கம்போலக் குனிந்து விட்டுவிட்டேன்.

“ஏனுங், கிறுக்குப் புடிச்சுருச்சா?” என்று கத்தினார் கோபிக்காரர். “கைக்கு வந்த மீன ஆராச்சும் ஆத்துல உடுவாங்ளா? ஊட்ல ஆரும் திங்க மாட்டாங்களாக்கு? எனக்காச்சும் குடுத்துருக்கலாமல்ல?”

பாய் அவர் தோளில் கை போட்டுக் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போனார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. திரும்பி வந்த கோபிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். போகும்போது என்னிடம் வந்து நின்று, “வர்றனுங்” என்று சொல்ல ஆரம்பித்து, அதையும் முழுங்கிவிட்டு, சொல்லாமலேயே போனார். சாவு வீட்டில்தான் அப்படிப் போவார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று இங்கே எழுதலாம். எழுத வரவில்லை. எத்தனை மீனை விட்டிருப்பேன். அந்த இரண்டு பேரும் ஒரு நாளாவது ஏன் என்று கேட்டதுண்டா? இந்த ஊரில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு போனால்கூட என்ன குழம்பு என்று கேட்பார்கள். மீனைத் திரும்ப விடுகிறவன் சைவமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சாவு வீட்டுக்காரனாக இருக்க வேண்டும். நான் சைவம் இல்லை என்று தரணி அவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான்.

ஜூலை 19

ஆற்றுக்குப் போகவில்லை. காரியத்துக்கு வாழையிலையும் பூசணியும் வாங்கி வந்தேன். இலைக்கட்டு வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து வைத்தேன்.

மோகனைத் தனியாகக் கூப்பிட்டேன். “டேம் ரோட்டுல ஒட்டுனியாடா?”

தலையைச் சொறிந்தான். “நீங்க சொல்றதுக்கு மொத நாள் ராத்திரியே பசங்க ஒட்டீட்டாங்க பெரியப்பா. கீழ, அந்த பழைய மோட்டார் ரூம் செவுத்துல ஒண்ணே ஒண்ணு. வண்டியெல்லாம் நிறுத்துவாங்களே, அங்க. நீங்க வேண்டாம்னதும் கிழிக்கலாம்னு போனேன். போய்ப் பாத்தா, ஆரோ சொரண்டி எடுத்துருக்காங்க.”

நான் முதல் நாள் வாய்க்கால் வழியாகப் போனேன். அவர்கள் மோட்டார் ரூம் வழியாக வருகிறவர்கள். நான் போய் நிற்கும்போதே அவர்களுக்குத் தெரியும். நான் புனே என்றதும் எடிசன் சார் எழுந்து மேலே போனார். நகத்துக்குள் இருந்தது பசை.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இத்தனை நாளும் நான் மழையையும் சப்பாத்தியையும் சொல்லச் சொல்ல, பாய் துணி காய்ந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவனை உயிரோடு வைத்திருந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மூன்று பேராகச் சேர்ந்து வைத்திருந்திருக்கிறோம்.

சாந்தாமணி கேட்டாள். இன்னும் மழை விடவில்லை என்றேன்.

ஜூலை 20

காரியம் முடிந்தது. ஐயர் இல்லை, பண்டாரம்தான். மோகன் ஆற்றில் முங்கி எழுந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் கீழே நடந்தது. பாறைகள் அங்கிருந்து தெரியாது. சாப்பாட்டில் உப்பு குறைவு என்று யாரோ சொன்னார்கள். சாயந்திரத்துக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். சொம்புகளைக் கழுவிக் கவிழ்த்தேன்.

“நாளைல இருந்து கறி மீனு ஆக்கலாம்னு உங்க அக்கா சொல்லீட்டுப் போறாங்க” என்றாள் சாந்தாமணி.

“ஆக்கலாம்.”

“எனக்கு வேண்டாம்.”

இருவரும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம்.

ஜூலை 21

இன்று மோட்டார் ரூம் வழியாகப் போனேன். சுவரில் ஒரு ஆள் மார்பு உயரத்தில் சுண்ணாம்பு பெயரச் சுரண்டிய சதுரம். அவசரத்தில் கீழ் மூலையை விட்டுவிட்டார். கட்டைவிரல் அளவு காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் மீனின் வால் மட்டும் இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

பாய் எப்போதும் போல இடம் ஒதுக்கினார். எடிசன் சார் பிளாஸ்கில் இருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். மேலே மதகுப் பாலத்தில் ஷாமியானா போட்டு, பூவும் தட்டுமாக அதிகாரிகள் வர ஆரம்பித்திருந்தார்கள். தண்ணீர் திறக்கும் முன் அணையில் இரண்டு தரம் அபாயச் சங்கு ஊதுவார்கள். முதல் சங்கு ஊதினால் கிளம்பத் தயாராக வேண்டும். இரண்டாவது சங்குக்குள் கரையேறிவிட வேண்டும். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல மீன் விழும் என்று தூண்டில்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. மதகு அசையப்போவது மீனுக்கு முன்கூட்டியே தெரியுமாம். அதனால் முதல் சங்குக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. தரணி இரண்டாவது சங்குக்கும் எழுந்திருக்க மாட்டானாம். போன வருஷம் எடிசன் சார் காதைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

முதல் சங்கு ஊதியது. நாங்கள் மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

“இனி தை மாசந்தானுங்ண்ணா” என்றார் பாய், தக்கையைப் பார்த்தபடியே. “அதுக்குள்ள தம்பியும் வந்துருவாப்ல.”

எனக்காகத்தான் சொன்னார். கடைசி நாள் என்பதால் தை வரைக்கும் தாங்குகிற மாதிரி ஒன்றைக் கொடுத்து அனுப்பப் பார்த்தார். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததும் இதற்கு மேல் என் பொய்யை அவரைச் சுமக்க விடக் கூடாது என்று தோன்றியது.

“வரமாட்டான் பாய்” என்றேன். “செத்துப்போயிட்டான். எரிச்சுட்டோம்.”

வாய்விட்டு இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போனில்கூட எல்லோருக்கும் மோகன்தான் சொன்னான்.

பாய் திரும்பவில்லை. “தெரியுமுங்ண்ணா” என்றார். தக்கையில் இருந்து கண்ணை எடுக்காமலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். புழு மண் ஒட்டிய கை. எடிசன் சார் கழுத்து விசிலைச் சட்டைக்குள் போட்டார், மறுபடி வெளியே எடுத்தார்.

அப்போது என் தக்கை முங்கியது. மூன்று பேருமாக இழுத்தோம். கெண்டை. கோபிக்காரர் பார்த்த கட்லா அளவு இல்லை. இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். முள்ளைக் கழற்றிக்கொண்டு தண்ணீருக்குக் குனிந்தேன்.

“உடாதீங்ண்ணா” என்றார் பாய். “நேத்தோட காரியம் முடிஞ்சுருச்சில்லீங். இன்னைக்கு ஊட்டுக்குக் கொண்டு போங்க.”

நாட்களைக்கூடக் கணக்கு வைத்திருந்திருக்கிறார்.

பாய் தன் பைக்குள் இருந்து ஒரு பச்சை வலைப்பையை எடுத்துத் தந்தார். தரணி போன மாசம் மறந்துவிட்டுப் போனதாம். மீனைப் போட்டேன். இரண்டாவது சங்கு ஊதியது. கரையேறி நின்று பார்த்தோம். முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையை மூடியது. மேலே கை தட்டினார்கள். அந்தப் பக்கம் பூ மிதந்து போனது.

வீட்டுக்கு வந்தேன். சாந்தாமணி வாசற்படியில் நின்றிருந்தாள். பையைப் பார்த்தாள். அந்தப் பையை அவளுக்குத் தெரியும். அவள்தான் சந்தையில் வாங்கிக் கொடுத்தது. பைக்குள் மீன் இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது.

“சொல்லீட்டீங்ளா?” என்றாள்.

“சொல்லீட்டேன்.”

பையை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சாம்பலையும் அரிவாள்மனையையும் எடுத்துக் கொடுத்தேன். செதில் எடுத்தாள், தலையை நறுக்கினாள், கழுவினாள். கழுவிக்கொண்டே அழுதாள். தரணி போன பிறகு அவள் அழுவது இதுதான் முதல் தடவை. சத்தமாகவே அழுதாள். நான் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். புளி கரைத்து வைக்கச் சொன்னாள். கரைத்தேன்.

மழை விட்டதா என்று இன்று கேட்கவில்லை.